நாற்றை வெயிலுக்குப் பழக்குவது

மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து கொளத்தூர், பாலாறு சோதனைச்சாவடி தாண்டி வளைவு வளைவாக ஏறினால் மாதேஸ்வரன் மலை, சுமார் 3000 அடி. கொள்ளேகால் தாலுகாவோடு இந்தப் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்துக்குப் போனது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. எல்லை எங்கே போனாலும் சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்துச் சனம் மாதேஸ்வரனைக் கும்பிட மலையேறுவதை நிறுத்தவில்லை.

நூறு மீட்டர் ஏறினால் காற்று ஏறத்தாழ 0.65 டிகிரி குளிரும். அந்தக் கணக்கில் அணைக்கும் மலைக்கும் நான்கு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். மனிதருக்கு அது சுகமான குளிர்ச்சி. வெயில் மட்டும் குறைவதில்லை. தூசியும் ஈரமும் குறைந்த மேல்காற்றில் அது சுள்ளென்று இறங்கும். புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். காற்றைத் தடுக்க மேட்டில் எதுவும் இல்லை.

இப்போது கீழே ஒரு நாற்றுப்பண்ணையில், பச்சை வலைக்கு அடியில், ஈரம் காயாமல் வளர்ந்த தக்காளி நாற்றை மலைக்கு ஏற்றி அன்றைக்கே நட்டுவிடுவதாக வைத்துக்கொள்வோம். சாயங்காலம் நிமிர்ந்து நிற்கும். மறுநாள் மதியம் தலை தொங்கும். தண்ணீர் விட்டாலும் பொழுது சாயும்வரை எழாது. மூன்றாம் நான்காம் நாள் மேல் இலைகளில் காகிதம் போல வெளிறிய திட்டு விழும். இதைப் பார்த்துவிட்டு ‘நோய் வந்திருச்சு’ என்று பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் நிறைய. நோய் எதுவும் இல்லை. அது வெயில் காயம். மலைக்கு ஏற்றினால்தான் இப்படி ஆகும் என்றும் இல்லை. ஜன்னலோரத்தில் முளைக்கவைத்த கத்தரியைத் திடீரென்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் சென்னையிலும் இதுவே நடக்கும்.

நம் பாட்டன் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இருந்ததில்லை. கேழ்வரகானாலும் மிளகாயானாலும் கிணற்றடிப் பக்கம் மேட்டுப்பாத்தி போட்டு, விதை தூவி, வைக்கோல் மூடி, முளைத்ததும் வைக்கோலை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாற்று வெயிலிலும் காற்றிலும்தான் கிடக்கும். பறிப்பதற்குச் சில நாள் முன்பு தண்ணீரையும் சுருக்குவார்கள். வெயிலில் பிறந்த நாற்றை வெயிலுக்குத் தனியாகப் பழக்க வேண்டியதில்லை. கலப்பின விதையின் விலை ஏறி, ஒவ்வொரு விதையையும் எண்ணிப் போடும் காலம் வந்த பிறகுதான் குழித்தட்டும் தென்னை நார்க்கழிவும் நிழல்வலைக் குடிலும் வந்தன. இன்று ஓசூர், இராயக்கோட்டை வட்டாரத்தில் தக்காளி நாற்று என்றாலே டிரே நாற்றுதான். திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் ஒத்துழைப்போடு நடக்கும் காய்கறி மகத்துவ மையமும் குழித்தட்டு நாற்றுகளைத்தான் விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. இந்த முறையில் முளைப்பு சீராக இருக்கிறது, வேர் அறுபடுவதில்லை, விதை வீணாவதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வாரத்தை விழுங்கிவிட்டது என்பதைத் தவிர. நிழலுக்கும் வயலுக்கும் நடுவே இருக்க வேண்டிய அந்த ஒரு வாரத்துக்கு ‘நாற்றுக் கடினப்படுத்துதல்’ என்று வேளாண் பாடங்களில் பெயர். ‘கடின’ என்றதும் நாற்றைக் காயப்போட்டு வதைப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் செடிக்குப் புது இலை கட்டிக்கொள்ள அவகாசம் கொடுப்பதுதான் அது.

இலைக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். ஐம்பது சதவீத நிழல்வலைக்குள் அதில் பாதி. ஜன்னலோரத்தில் சில ஆயிரம். டியூப்லைட் எரியும் அறையில் முந்நூறு, ஐந்நூறு. நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் இந்த ஏற்றத்தாழ்வு நமக்குத் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும். குறைந்த ஒளியில் வளரும் இலை அகலமாக, மெல்லியதாக விரியும். கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் வாரிக்கொள்ள வேண்டுமே. மேல்தோலின் மெழுகுப் பூச்சு சன்னமாக இருக்கும். ஒளியைப் பிடிக்கும் பாலிசேடு செல்கள் குட்டையாக இருக்கும். அதே இலையை முழு வெயிலில் நிறுத்தினால் பிடித்த ஒளியைச் சர்க்கரையாக்கிச் செலவழிக்க வழியில்லாமல் திணறும். மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜன் மேல் பாய்ந்து, செல்லையே அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். ஒளிச்சேர்க்கை இயந்திரத்தில் முதலில் அடிபடுவது டி1 என்ற புரதம். எல்லா இலையிலும் அது தினமும் உடைந்து தினமும் பழுதுபார்க்கப்படுகிறது. உடையும் வேகம் பழுதுபார்க்கும் வேகத்தை மிஞ்சினால் பச்சையம் வெளுக்கும். மேலே சொன்ன காகிதத் திட்டு அதுதான்.

செடியிடம் தற்காப்பு இல்லாமல் இல்லை. ஒளி மிஞ்சினால் சில நிமிடங்களுக்குள் வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சியாசாந்தினாக மாறி, உபரி ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற உதவும். மேகம் விலகி வெயில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. ஆனால் நிழலில் வளர்ந்த இலையில் இந்த நிறமியின் இருப்பே குறைவு. இருப்பைப் பெருக்க நாட்கள் ஆகும். புற ஊதாக் கதிருக்கும் அப்படித்தான். கதிர் பட்டால் இலை ஃபிளேவனாய்டு என்ற வடிகட்டிச் சேர்மங்களைத் தோலில் சேர்க்கும். அந்தக் கதிரை உணர்வது யுவிஆர்8 என்ற புரதம் என்பது 2011-ல்தான் உறுதியானது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும் என்பதால் கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த நாற்றுக்கு அந்தச் சேதியே போய்ச் சேர்ந்திருக்காது.

முதிர்ந்த இலையால் தன் கட்டுமானத்தை மாற்றிக்கொள்ள முடியாது. மெழுகைக் கொஞ்சம் கூட்டலாம், நிறமியைக் கூட்டலாம், அவ்வளவே. வெயிலுக்கென்று கட்டப்பட்ட தடித்த இலை வேண்டுமானால் அது வெயிலில்தான் பிறக்க வேண்டும். நல்ல சூட்டில் தக்காளி இரண்டு மூன்று நாளுக்கு ஓர் இலை விடும். ஏழு முதல் பத்து நாள் வெளியே வைத்தால் இரண்டு மூன்று இலை புது வெளிச்சத்தில் விரிந்திருக்கும். ஒரு வாரம், பத்து நாள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்வதற்கு இதுவே காரணம். இரண்டு நாள் வெளியே வைத்துவிட்டு ‘பழக்கியாச்சு’ என்பது நம் திருப்திக்கு.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. இலைத்துளைகள் திறந்தால் கரிவளி உள்ளே வரும், நீராவி வெளியே போகும். மண் காயத் தொடங்கினால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, துளைகளை மூடச் சொல்லும். எப்போதும் ஈரக்காற்றில் வளர்ந்த செடியின் துளைகள் இந்தச் சொல்லுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. மூட வேண்டிய நேரத்தில் பாதி திறந்தே கிடக்கும். வேரோ தட்டின் குழிக்குள் விரலளவு இடத்தில் சுருண்டிருக்கிறது. வரவு குறைவு, செலவு அதிகம். இதன் உச்சத்தைத் திசு வளர்ப்பு வாழையில் பார்க்கலாம். கண்ணாடிக் குப்பியில், நூறு சதவீதத்தைத் தொடும் ஈரப்பதத்தில், சர்க்கரைக் கூழ் குடித்து வளர்ந்த ஜி9 ரகக் கன்றுக்கு மெழுகும் பேருக்குத்தான், துளை மூடத் தெரிவதும் பேருக்குத்தான். அதைக் குப்பியிலிருந்து நேரே வயலில் நட யாரும் துணிவதில்லை. முதல் கட்டம் பசுமைக்குடிலில், இரண்டாம் கட்டம் நிழல்வலையில் என்று வாரக்கணக்கில் பழக்கித்தான் விற்கிறார்கள். வாழைக்குக் காட்டும் பொறுமையில் கால்வாசியைத் தக்காளிக்குக் காட்டினால் போதும்.

இங்கே ஒரு பழைய அறிவுரையோடு எனக்குச் சண்டை உண்டு. ‘நடவுக்கு நாலைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடவும்’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மேட்டுப்பாத்திக்கு அது சரி. பாத்தியின் மேல்மண் காய்ந்தாலும் அரையடிக்குக் கீழே ஈரம் இருக்கும், வேர் அதைத் தேடிப் போகும். 98 குழித் தட்டின் ஒரு குழிக்குள் நிற்பது ஒரு மேஜைக்கரண்டி அளவுத் தண்ணீர். திறந்த வெயிலில் அது அரை நாளுக்குக் காணாது. நாலைந்து நாள் நிறுத்தினால் தட்டில் நாற்று இருக்காது, சருகுதான் இருக்கும். தட்டு நாற்றுக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது, இடைவெளியைக் கூட்ட வேண்டும். இலை லேசாகத் துவளும் சாயல் தெரிந்ததும் பூவாளியை எடுக்க வேண்டும். தட்டைக் கையில் தூக்கிப் பழகியவருக்கு எடையே சொல்லிவிடும். உரமும் அப்படித்தான். கடைசி வாரத்தில் தழைச்சத்துக் கரைசலைக் குறைத்தால் போதும். இலையின் பச்சை ஒரு பங்கு மங்கினால் பதற வேண்டாம்.

நாற்று நெட்டையாக ஓடுவதற்கு நிழல் மட்டும் காரணம் இல்லை. குழித்தட்டு ஏறக்குறைய 54 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். 98 நாற்றுக்குப் பங்கிட்டால் தலைக்கு 15 சதுர செ.மீ. மூன்றாம் வாரத்தில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத தூரச் சிவப்பு ஒளியைக் கடத்திவிடும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தே பக்கத்தில் இன்னொரு செடி இருப்பதை நாற்று கண்டுகொள்கிறது. கண்டுகொள்ளும் நிறமியான ஃபைட்டோகுரோமை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தினர் 1959-ல் கண்டறிந்தார்கள். பக்கத்துச் செடி உயர்வதற்குள் நாம் உயர்ந்துவிட வேண்டும் என்று தண்டு நீள்கிறது. தடிமனுக்கும் வேருக்கும் போக வேண்டிய சர்க்கரை உயரத்துக்குப் போய்விடுகிறது. தட்டுக்குத் தட்டு இடைவெளி விட்டு வைப்பதே இதற்குப் பாதி மருந்து.

மீதிப் பாதி காற்று. காற்றில் ஆடும் செடியின் தண்டு குட்டையாகி, தடிக்கும். தொடுதலால் செடியின் உருவம் மாறும் இந்த இயல்பைத் தாவரவியலாளர் மார்க் ஜாஃபி 1973-ல் ஆராய்ந்து அதற்கொரு பெயரும் கொடுத்தார். 1990-ல் ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஹார்மோன் தெளித்தால் எந்த மரபணு விழிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வெறும் தண்ணீர் தெளித்த செடியிலும் அதே மரபணுக்கள் விழித்தன. ஹார்மோனுக்கு அதில் பங்கே இல்லை, இலையில் துளி விழுந்த அசைவுதான் காரணம். மழை, காற்று, விரல் எது பட்டாலும் சில நிமிடங்களில் அந்த மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கின. ஜப்பானில் குளிர்கால வாற்கோதுமைப் பயிரைக் காலால் மிதித்துவிடும் பழைய வழக்கம் இருக்கிறது. அங்கே அறிவியல் வருவதற்கு முன்பே கால் கண்டுபிடித்துவிட்டது.

வீட்டில் வளர்ப்பவர்கள் தினமும் ஓரிரு நிமிடம் நாற்றின் தலையை உள்ளங்கையால் தடவிவிடலாம். இலை காய்ந்திருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். பீடி, புகையிலை தொட்ட கையென்றால் சோப்புப் போட்டுக் கழுவாமல் தக்காளி, மிளகாய் நாற்றைத் தொடவே கூடாது. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு கிடக்கும். கை வழியாகவே ஏறும்.

நம் ஊர்ப் பழக்கலில் பெரிய தொந்தரவு வெயிலும் காற்றும் மட்டும் என்று நினைத்தால், வெள்ளை ஈயை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். தக்காளி இலைச்சுருள் வைரஸை அது சுமந்து வரும். நாற்றுப் பருவத்தில் தொற்றினால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இந்த வைரஸின் ஓர் இனத்துக்குப் பெங்களூருவின் பெயரே வைத்திருக்கிறார்கள். நாற்றங்காலை 40 முதல் 50 மெஷ் நைலான் வலையால் மூடி வளர்ப்பது இதற்காகத்தான். பெங்களூருவின் புறத்தே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் அப்படித்தான் சொல்கிறது. பழக்குகிறேன் என்று தட்டை வரப்பில் கொண்டுபோய் வைத்தால் ஈக்கு விருந்து வைத்த மாதிரி. ஆகவே விலக்க வேண்டியது பச்சை நிழல்வலையை. பூச்சிவலை கடைசி நாள் வரை இருக்கட்டும். இரண்டு வலையும் தனித்தனியாகச் சுருட்டும்படி குடில் கட்டுவதற்குக் கூடுதல் செலவு கொஞ்சம்தான். இருந்தும் பல குடில்களில் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களையும் காணொளிகளையும் பார்த்துச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்களுக்கு எதிரி குளிர். பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுக்கச் சொல்வார்கள். முட்டைக்கோசை அப்படிப் படிப்படியாகக் குளிருக்குப் பழக்கினால் லேசான உறைபனியைக்கூடத் தாங்கும். தக்காளியும் கத்தரியும் வெப்பநாட்டுப் பிறவி, எவ்வளவு பழக்கினாலும் உறைபனியில் கருகும். ஊட்டியில் மார்கழி உறைபனிக்கு அந்த அறிவுரை பொருந்தும். மாதேஸ்வரன் மலைக்கோ மேட்டூருக்கோ பொருந்தாது. நமக்கு இரவுதான் நாற்றுக்கு ஓய்வு நேரம். இரவு வெளியே கிடக்கட்டும், மதியம்தான் மறைக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களும் மாடித்தோட்டக்காரர்களும் செய்யக்கூடியது இது. தட்டு வந்ததும் மரநிழலிலோ பந்தலடியிலோ இரண்டு நாள் இறக்கி வைக்க வேண்டும். பிறகு காலை வெயில், ஒன்பது மணி வரை. அடுத்த இரண்டு நாள் பதினொரு மணி வரை. அதற்கப்புறம் மதியம் மட்டும் ஒரு பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டலாம். கடைசி இரண்டு நாள் முழு வெயில். மூடம் போட்ட நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆடி மாதம் காற்று வீசும் நாட்களில் முதலிலேயே மேட்டில் வைத்தால் இலை கிழியும், சுவரோரம் பார்த்து வைக்க வேண்டும். தக்காளிக்குத் தட்டில் மொத்த வயது 25 நாள் வாக்கில், மிளகாய்க்கு 35 முதல் 40. பழக்கும் வாரம் இந்தக் கணக்குக்குள் அடங்கியது, அதன்மேல் கூட்டுவது அல்ல. நாளைக் கடத்தி நாற்றை வறட்டிவிட்டால் வேறு வம்பு. காலிஃபிளவர் பயந்துபோய்ச் சட்டைப் பொத்தான் அளவில் பூவைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பூசணி, வெள்ளரி, பீர்க்கை வகையறா வேர் அசைந்தாலே கோபித்துக்கொள்ளும். அவற்றை நேரே குழியில் ஊன்றுவதே உத்தமம்.

நடவு சாயங்காலம்தான். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர்விடும் என்பதால் நெட்டையாக ஓடிய நாற்றை முதல் இலை வரை ஆழப் புதைக்கலாம். மிளகாய்க்கு அது ஆகாது. நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். பழக்கிய நாற்று மூன்று நான்கு நாளில் தெளிந்து நிமிரும். பழக்காதது தெளியப் பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், நடுவில் விழுந்ததற்குப் பாடுவாசி நிரப்ப வேண்டும். பண்ணையில் மிச்சம் பிடித்த வாரத்தை வயல் திரும்ப வாங்கிக்கொள்கிறது, அதுவும் விவசாயியின் தண்ணீரிலும் கூலியிலும்.

பண்ணைக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கரும்பச்சையாக, உயரமாக, தளதளவென்று நிற்கும் தட்டைத்தான் வாங்குபவர்கள் கை காட்டுகிறார்கள். குட்டையாக, தண்டு தடித்து, அடித்தண்டில் லேசாக ஊதா ஓடிய, பச்சை மங்கிய தட்டு கடைசிவரை விலைபோகாமல் கிடக்கும். தேர்ந்தெடுக்க வேண்டியது அதைத்தான். அந்த ஊதா, வெயில் பட்டதற்கான அடையாளமான ஆந்தோசயனின். இலையின் அடிப்பக்கம் முழுக்க ஊதாவாக இருந்தால் மட்டும் மணிச்சத்துக் குறையோ குளிரோ என்று சந்தேகப்படலாம். சில இடங்களில் பாக்லோபியூட்ரசால், குளோர்மெக்குவாட் போன்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து அடித்துக் குட்டையாக்கி வைப்பதும் உண்டு. அப்படிச் செய்த நாற்று பார்க்கப் பழக்கியது போல இருக்கும், வெயிலைக் கண்டிருக்காது. அளவு மிஞ்சியிருந்தால் நட்ட பிறகும் முடங்கியே நிற்கும்.

ஆகையால் அடுத்த முறை நாற்று வாங்கப் போகும்போது ஒரு தட்டு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், நிழல்வலையை விலக்கி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். ‘இன்னும் விலக்கலீங்க’ என்று பதில் வந்தால், ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வாரத்தைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்க ஆள் இருந்தால் பண்ணைகளும் அதை விற்கத் தொடங்கும்.